கடதாசிக் கயிற்றுக் கதிரை

கதிரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். 2009 முதல் 2018 வரை, ஒன்பது ஆண்டுகள், எனது வீட்டில் ஒரு கதிரையும் இருக்கவில்லை. காசில்லாமல் மட்டும் அல்ல. நிவாரணமாகக் கிடைத்த இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக்கூட மாமாவின் காம்பராவுக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் அப்படி இருந்தேன், பிறகு எப்படி மாறினேன் என்பதைச் சொன்னால் என்னைப் போன்ற ஒரு சகோதரிக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கதையில் டென்மார்க் நாட்டு மனிதர் ஒருவரும் வருகிறார். அவர் எப்படி எங்கள் லயத்துக்குள் வந்தார் என்பதையும் சொல்கிறேன்.

நான் பிறந்தது இரத்தினபுரி மாவட்டத்தில், கொடகவெலவுக்கு அருகில் உள்ள ஒரு இறப்பர் தோட்டத்தில். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குப் போகும் வீதியில் இருக்கும் சிறிய நகரம்தான் கொடகவெல. 1977 ஆகஸ்ட் கலவரத்தின்போது எனக்கு மூன்று வயது. உடுத்த துணியோடு புறப்பட்ட பல தோட்டக் குடும்பங்களைப் போல எங்கள் அம்மாவும் அப்பாவும் வன்னிக்குப் போனார்கள். அம்மாவின் தம்பி குடும்பம் மட்டும் தோட்டத்திலேயே இருந்துவிட்டது.

வன்னியில் இருந்துகொண்டு அம்மா தோட்டத்துக் கதைகள் சொல்வார். அந்தக் கதைகளில் கதிரை வந்தால், அதில் இருப்பவர் துரையாகவோ கணக்கப்பிள்ளையாகவோ இருப்பார். பெரட்டுக் களத்தில் நம்மவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். காம்பராவுக்குள் ஒரு பலகைக் கட்டை. விருந்தாளி வந்தால் அதைத் துடைத்துப் போடுவார்கள். "கதிர எல்லாம் நமக்கு எதுக்கு?" என்று அம்மா சாகும்வரை தரையில்தான் இருந்தார்.

சொல்லைப் பார்த்தாலும் இது விளங்கும். தமிழ்நாட்டில் நாற்காலி என்கிறார்கள். நாங்கள் சொல்லும் கதிரை போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. மேசையும் அலுமாரியும் அப்படியே. கப்பலில் வந்தவர்கள் தங்கள் தளபாடங்களோடு பெயர்களையும் இறக்கிவிட்டுப் போனார்கள். பாய்க்கும் பலகைக்கும் மட்டும் எங்கள் பெயர் நின்றது.

எனது கணவர் தச்சுத் தொழிலாளி. நாங்கள் தருமபுரத்தில் குடியிருந்தோம். 2000 ஆம் ஆண்டு நான் நிறைமாதமாக இருந்தபோது, தரையில் இருந்து எழும்ப நான் படும் பாட்டைப் பார்த்து அவர் ஒரு கதிரை செய்யத் தொடங்கினார். வேலைத்தலத்தில் மிஞ்சிய முதிரைத் துண்டுகள்தான் மரம். அலங்காரம் ஒன்றும் இல்லை. நான்கு கால், முதுகுக்கு அகலமான ஒரு பலகை. இருக்கைக்குப் பிரம்பு வேண்டும். பொருளாதாரத் தடை இருந்த அந்தக் காலத்தில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயுமே அளந்து வந்தன. பிரம்புக்கு எங்கே போவது? ஜாம் போத்தலில் விளக்குச் செய்ததையும், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டதையும் உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அவர் உரப்பைகளை நூல் நூலாக உருவச் சொன்னார். நான் உருவி முறுக்கிக் கொடுத்தேன்; அவர் சட்டத்தில் சுற்றினார். நான்கு பக்கத்திலிருந்தும் வந்த கயிறு, கடித உறையின் பின்பக்கம் போல நடுவில் வந்து சேர்ந்தது. அந்தக் கதிரையில் இருந்துதான் மகளுக்குப் பால் கொடுத்தேன்.

2009 இல் அந்தக் கதிரையை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுதான் இடம்பெயர்ந்தோம். இரணைப்பாலை வரை வந்தது. அதற்குப் பிறகு இயந்திரமும் இல்லை, கதிரையும் இல்லை. மாத்தளனில் ஒரு பங்குனி மாதக் காலையில் கஞ்சி வாங்கப் போன அவர் திரும்பி வரவில்லை. அவரது பெயரை நான் எழுதிக் கொடுக்காத இடமில்லை. இன்றும் பதில் இல்லை. நானும் மகளும் மெனிக் பாம் முகாமில் இருந்து 2010 இல் வெளியே வந்தபோது, தருமபுரத்துக்குத் தனியே போகத் துணிவு வரவில்லை. மாமாவைத் தேடி, மூன்று வயதில் விட்டுப் போன தோட்டத்துக்கே வந்து சேர்ந்தேன்.

வீட்டில் ஒரு கதிரை இருந்தால் அதில் அவர் வந்து இருக்க வேண்டும் போலத் தோன்றும். வேறு யாராவது இருந்தால் கோபம் வரும். அதனால் கதிரையே வேண்டாம் என்று விட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்கும் தெரியாது. அவள் பாயில் குனிந்திருந்து எழுதி எழுதி முதுகு நோகிறது என்று சொல்லும்போதும் நான் வேறு பேச்சுப் பேசிவிடுவேன்.

தோட்டத்தில் கைக்காசுக்குப் பால் வெட்டினேன். மழை பெய்தால் வேலை இல்லை. அந்த நாட்களில் கடைவீதியில் பழைய தளபாடம் திருத்தும் ஒரு இடத்துக்குக் கூட்டித் துடைக்கப் போனேன். அங்கே பிரம்பு பின்னிய ஒரு சிங்கள அக்கா, பிரம்பு வேலைக்குப் பெயர்போன ரதாவடுன்னப் பக்கத்தைச் சேர்ந்தவர். எனது விரல்களைப் பார்த்து, "உனக்குக் கயிறு பழக்கமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பிரம்பை எவ்வளவு நேரம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும், நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்த பிறகு மூலைவிட்டமாக எப்படிக் கோர்க்க வேண்டும், கண் எல்லாம் ஒரே அளவாக வர விரலை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு சதமும் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார். ஆனால் வேலை கொடுத்த முதலாளி, இரண்டு நாள் பின்னும் ஒரு இருக்கைக்கு ஒரு நாள் பால்வெட்டுக் கூலிகூடத் தரவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் கதிரை வைக்காதவள் ஊரார் கதிரைகளை எல்லாம் பின்னிக்கொண்டிருந்தேன்.

எனது கணவரின் அக்கா 1994 முதல் டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற நகரத்தில் இருக்கிறார். 1980களின் நடுவிலிருந்து எங்கள் மக்கள் அகதிகளாகப் போன நாடு அது. 1987 இல் அங்கே தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளை வரவழைக்கும் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தார்கள். அது சட்டத்துக்கு மாறானது என்று விசாரணையில் வெளியானபோது, 1993 ஜனவரியில் அந்நாட்டுப் பிரதமரே பதவி விலக வேண்டி வந்தது. அதற்குத் 'தமிழர் வழக்கு' என்றே பெயர். கணவன்மாருக்காகக் காத்திருந்த எங்கள் பெண்களின் துயரம் ஒரு அரசாங்கத்தையே அசைத்தது என்பது நாம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

2018 தொடக்கத்தில் மச்சாள் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பினார். "தங்கச்சி, உமக்குப் பின்னல் வேலை தெரியும்தானே. என்ரை குசினிக் கதிரையின்ரை கயிறு அறுந்து போச்சு. இதைத் திருத்தலாமோ எண்டு பாரும்" என்று சொன்னார்.

படத்தைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நான்கு கால். முதுகுக்கு அகலமான ஒரு பலகை. அலங்காரம் இல்லை. நான்கு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேரும் கயிறு. மரத்தின் நிறம்தான் வேறு. அன்றுதான் மச்சாளுக்கு அவரது தம்பி செய்த கதிரையைப் பற்றிச் சொன்னேன். அவர் நாட்டைவிட்டுப் போனபின் செய்தது, அதனால் அவர் அதைக் கண்டதில்லை. இருவரும் வெகுநேரம் தொலைபேசியில் அழுதோம்.

பிறகு மச்சாள் அந்தக் கதிரையின் வரலாற்றை விசாரித்துச் சொன்னார். மகளும் தேடி வாசித்துக் காட்டினாள். அதைச் செய்தவர் பேர்கே மோகன்சன் என்பவர். மோகன் என்று எங்கள் ஆள் போலப் பெயர் இருக்கிறதே என்று மகள் சிரித்தாள். 1914 இல் ஓல்போர்க் என்ற ஊரில் பிறந்து 1972 இல் மறைந்தவர். முதலில் தச்சு வேலை பழகியவர். பிறகுதான் கொப்பன்ஹேகனில் கோரே கிளிண்ட் என்ற ஆசிரியரிடம் தளபாட வடிவமைப்புப் படித்தார். மனித உடம்பையும் வீட்டுப் பொருட்களையும் அளந்து பார்த்துத்தான் தளபாடம் செய்ய வேண்டும் என்பது கிளிண்டின் பாடம்.

1942 இல் மோகன்சனை டென்மார்க்கின் கூட்டுறவுச் சங்கங்களின் தலைமைச் சங்கம் தளபாட வடிவமைப்புக்குப் பொறுப்பாக வைத்தது. எங்கள் ஊர்ச் சங்கக்கடைகளுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய சங்கம் இருந்து, அதுவே மேசை கதிரை செய்து விற்றால் எப்படி இருக்கும், அப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய வீடுகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்கு, வாங்கக்கூடிய விலையில், நெடுநாள் உழைக்கும் தளபாடம் வேண்டும் என்பதே நோக்கம். 1950 வரை அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார். 1947 இல் செய்ததுதான் இந்தக் கதிரை. ஜே 39 என்பது அதன் இலக்கம். மக்கள் அதற்கு 'மக்கள் கதிரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஷேக்கர் என்ற எளிய வாழ்க்கை வாழ்ந்த கிறிஸ்தவக் கூட்டத்தார் செய்த கதிரைகளே அதற்கு முன்மாதிரி. மச்சாள் டெனிஷ் மொழி படிக்கப் போன மண்டபத்திலும் இந்தக் கதிரைதான் இருந்ததாம். "அந்தக் கதிரையிலை இருந்துதான் என்ரை முதல் சொல்லைப் படிச்சனான்" என்றார்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது கயிற்றின் கதை. அது பிரம்பும் இல்லை, புல்லும் இல்லை. கடதாசி! 1940 ஏப்ரலில் ஜேர்மனியப் படை டென்மார்க்கைப் பிடித்தது. 1945 மே வரை அந்த நாடு ஆக்கிரமிப்பில் இருந்தது. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த கடற்புல் கயிறு கிடைக்காமல் போயிற்று. அப்போது கைக்கு எட்டிய கடதாசியை இறுக்கி முறுக்கிக் கயிறாக்கி இருக்கை பின்னினார்கள். யுத்தம் முடிந்த பிறகும் அதை விடவில்லை. மோகன்சனின் நண்பர் ஹான்ஸ் வேக்னர், அவரும் 1914 இல் பிறந்தவர், 1949 இல் வடிவமைத்த புகழ்பெற்ற கதிரை ஒன்றின் இருக்கைக்கு மட்டும் சுமார் 120 மீற்றர் கடதாசிக் கயிறு வேண்டும்.

நான் யோசித்தேன். அங்கே யுத்தத் தட்டுப்பாட்டில் கடதாசியை முறுக்கினார்கள். இங்கே யுத்தத் தட்டுப்பாட்டில் நானும் அவரும் உரப்பை நூலை முறுக்கினோம். அங்கே செய்தவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. இங்கே செய்தவரின் பெயர் காணாமல் போனோர் பட்டியலில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நினைத்துப் பல இரவுகள் நித்திரை இல்லாமல் கிடந்தேன். ஆனால் வேலை ஒன்றுதான். இரண்டு தச்சர்களும் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். தருமபுரத்தில் ஒரு ஏழைத் தச்சன் செய்தது குறைந்த வேலை அல்ல என்று எனக்கு முதல்முறையாக உறுதியாகத் தெரிந்தது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் வீட்டுக்கு என்று செய்த அந்தக் கதிரையை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். இப்போது அதன் விலை எங்கள் தோட்டத் தொழிலாளி ஒருவரின் பல மாதச் சம்பளம். மச்சாள் வாங்கியது பழைய பொருள் கடையில்தான். மோகன்சன் விட்டுப்போனது விலைப்பட்டியலில் இல்லை என்று நினைக்கிறேன். சட்டம் நிலைத்து நிற்க வேண்டும், தேய்வது எதுவோ அதை மட்டும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற அந்த முறையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரையின் கால் உடைந்தால் எறிவதைத் தவிர வழியில்லை. பின்னிய இருக்கை போனால், பின்னத் தெரிந்த ஒருத்தி இருந்தால் போதும்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணையும் அவர்கள் மறக்கவில்லை. 1950களில் மோகன்சன், கிரேத்தே மேயர் என்ற பெண் கட்டடக் கலைஞருடன் சேர்ந்து சுவரோடு சேரும் அலுமாரிகளை வடிவமைத்தார். ஒரு வீட்டில் என்னென்ன உடுப்பு, என்னென்ன பாத்திரம், எத்தனை என்று எண்ணி அளந்துதான் தட்டுகளின் அளவைத் தீர்மானித்தார்கள். நாங்கள் தினமும் மடித்து அடுக்குவதை யாரோ எண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

எங்கள் நாட்டிலும் அதே காலத்தில் அப்படி யோசித்த ஒரு பெண் இருந்தார். இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா (1918 - 1998). மோகன்சன் மக்கள் கதிரையைச் செய்த அதே ஆண்டுகளில் கண்டியில் அவர் கட்டிய வீட்டில், தும்பறைப் பாய் நெய்பவர்களின் நெசவைக் கதவுகளில் பதித்தார். 1950களின் இறுதியில் உல்ரிக் பிளெஸ்னர் என்ற டென்மார்க் இளைஞர் அவரிடம் வேலை செய்ய இலங்கைக்கு வந்தார். ஐரோப்பாவிலிருந்து நாம் மட்டும் கற்கவில்லை. பாய் நெய்யும் கைகளுக்கு அருகில் வந்து அவர்களும் கற்றிருக்கிறார்கள்.

அந்த வருடம் ஆடி மாதம் மச்சாள் லீவில் வந்தார். பெட்டியில் சொக்லேட்டுக்கு நடுவே ஒரு சுருள் கடதாசிக் கயிறு. "தம்பி செய்த கதிரையை எனக்குச் செய்து காட்டும்" என்றார். மறுக்க முடியவில்லை.

கொடகவெலவில் மரவேலை செய்யும் ஒரு பாஸிடம் நினைவில் இருந்த அளவுகளைச் சொன்னேன். முதிரைக்கு எங்கே போவது? இறப்பர் மரத்தில் செய்வோம் என்றார். பால் வற்றிய மரங்களை இருபத்தைந்து முப்பது வருடங்களில் வெட்டிவிடுவார்கள். முன்பு அவை விறகுக்குத்தான் போயின. வெட்டிய சில நாட்களுக்குள் போராக்ஸ் சேர்ந்த மருந்து ஏற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். முறையாகப் பதப்படுத்தினால் நல்ல தளபாடம் செய்யலாம்.

சட்டம் வந்ததும் நான் பின்ன இருந்தேன். கடதாசிக் கயிற்றைப் பிரம்பு போல ஊறவைக்கக் கூடாது. முன் சட்டம் பின் சட்டத்தைவிட நீளம் என்பதால் முதலில் முன் மூலைகளை மட்டும் சுற்றிச் சதுரமாக்க வேண்டும். பிறகு நான்கு மூலையையும் வரிசையாகச் சுற்றி வர வேண்டும். ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்காவிட்டால் சில மாதங்களில் தொய்ந்துவிடும். மகள் சுருளைப் பிடித்துக்கொண்டு கயிறு விட்டாள். முன்பு நான் அவருக்குச் செய்த வேலையை இப்போது அவள் எனக்குச் செய்தாள். அன்றுதான் வீட்டில் ஏன் கதிரை இல்லை என்பதை அவளிடம் சொன்னேன். "அப்பாட கதிர எனக்கு ஞாபகம் இருக்கும்மா. நீங்க கேட்டா அழுவீங்கன்னுதான் நான் சொல்லல" என்றாள். ஒன்பது ஆண்டுகள் ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மறைத்திருக்கிறோம்!

கதிரை முடிந்த பிறகு யார் முதலில் இருப்பது என்று தயக்கம். மாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் இதே தோட்டத்தில் பால் வெட்டியவர். கதிரையின் காலைத் தடவிப் பார்த்தார். "இது நம்ம மலை மரமா இருந்தா நான் பால் வெட்டுன மரமாத்தான் இருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் இருக்கலாமா?" என்று கேட்டார். தன் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அவர் அனுமதி கேட்டார். கையைப் பிடித்து இருத்தினேன். எனக்குக் கோபம் வரவில்லை.

அதன் பிறகு ஒரு கொப்பி வாங்கினேன். ஒவ்வொரு இருக்கைக்கும் எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பிரம்பு அல்லது கயிறு என்று எழுதினேன். முதல் கதிரைக்கு ஒன்பது மணித்தியாலம் எடுத்தது. இப்போது ஐந்து போதும். இரண்டு மாதம் எழுதிய பிறகு கொப்பியைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் கூட்டித் தர மறுத்தார். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பின்னத் தொடங்கினேன். முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். 2022 நெருக்கடியில் புதுக் கதிரை வாங்க முடியாதவர்கள் பழையதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கடதாசிக் கயிறு இங்கே கிடைப்பதில்லை. பிரம்பு கிடைக்காதபோது பருத்திக் கயிற்றில் அதே பின்னலைப் போடுகிறேன். பக்கத்து லயத்துப் பெண்கள் இருவர் என்னிடம் பழகி, தாங்களும் கொப்பி வைத்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கோடியில் இருக்கை கிழிந்த மரக் கதிரை கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது. பின்னல் தெரிந்தவர்கள் உங்கள் நேரத்தை எழுதி வையுங்கள். எழுதாத உழைப்புக்கு யாரும் கூலி தருவதில்லை.

எங்கள் கதிரை யன்னலோரம் இருக்கிறது. முன் விளிம்பில் கயிறு கறுத்துவிட்டது, இன்னும் தொய்யவில்லை. முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் பின்னேரங்களில் அதில் இருந்துதான் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்க்கிறாள். அவள் எழும்பிப் போனால் நான் போய் இருக்கிறேன்.